கை பட்டால் கணக்கில்லை

அந்த வீசிடியில் ஏழு ஸ்கேட்போர்டு வீரர்கள் இருந்தார்கள். அவர்களுடைய பெயர்கள் எங்களுக்குத் தெரியாது. யாரோ நகல் எடுத்து விற்றது. பெயர் வரும் இடங்களில் படம் உடைந்து துள்ளும். அதனால் நானும் அண்ணனும் அடையாளத்தை வைத்துப் பிரித்துக்கொண்டோம்: மொட்டை, பொக்கைவாய், தொளதொளக் கால்சட்டை, நீள சாக்ஸ். அப்போது எனக்கு எட்டு வயது, அண்ணனுக்குப் பதினேழு. பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு, யார் எத்தனை படி தாண்டினார்கள், எத்தனை முறை விழுந்த பிறகு தாண்டினார்கள் என்று எழுதிவைத்தேன். இப்போது கைத்தொலைபேசியில் வருகிற துண்டுப் படங்களில் ஜெயித்தது மட்டும்தான் இருக்கிறது. அந்த வீசிடியில் விழுந்ததையும் வெட்டாமல் வைத்திருந்தார்கள். என் நோட்டு நிரம்பியது அதனால்தான்.

அண்ணனுக்குப் பிடித்தவர் நீள சாக்ஸ். காரணம் ஒரே ஒரு காட்சி. படிகளின் மேலிருந்து எம்பி, போர்டைக் காலால் தட்டிக் காற்றில் ஒரு சுற்று சுழலவிட்டு, அதன்மேலேயே கீழே இறங்குவார். கேமரா பின்னாலிருந்து பிடிக்கும். நமக்கு ஒரு குறையும் தெரியாது. நண்பர்கள் கத்திக்கொண்டு ஓடிவருவார்கள். அவர் மட்டும் தன் வலது கையைத் திருப்பிப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், போர்டைத் தூக்கிக்கொண்டு மறுபடி மேலே ஏறுவார். இறங்கும்போது விரல் தரையில் பட்டிருக்கிறது. கை பட்டால் கணக்கில்லை என்பது அவர்கள் வழக்கம். யாரும் பார்க்காததை அவரே ஒப்புக்கொண்டு திரும்பிப் போகும் அந்த இடத்தை அண்ணன் மறுபடி மறுபடி ஓடவிட்டுப் பார்ப்பார்.

தம்போயில் எங்கள் தாமான் குடியிருப்பின் கடைவரிசைக்குப் பின்னால் ஐந்து படிகள் உண்டு. கீழே சிமெண்டுத் தளம், அதன் ஓரத்தில் சாக்கடையை மூடிய இரும்புச் சட்டம். அங்கேதான் அண்ணன் பழகினார். எனக்கு இரண்டு வேலை. பின்சந்தில் கார் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அவர் இறங்கும்போது கை படுகிறதா என்று பார்க்க வேண்டும். மேலே நிற்கும் நண்பர்களுக்கு அது தெரியாது. கீழே பக்கவாட்டில் குந்தியிருக்கும் எனக்குத்தான் தெரியும்.

ஒரு மாலை அவர் முதல்முறையாக விழாமல் இறங்கினார்.

"பட்டுச்சா, பாப்பா?"

இரண்டு விரல் பட்டதைப் பார்த்திருந்தேன். பட்டுச்சு என்றேன். அவர் சிரித்துக்கொண்டே மறுபடி ஏறினார். அடுத்த முறை முன்சக்கரம் இரும்புச் சட்டத்தில் சிக்கி, இடது கணுக்கால் முறிந்தது. இரண்டு திருகாணிகள் வைத்தார்கள். வீட்டில் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அந்த நோட்டில் அதன்பிறகு நான் எதுவும் எழுதவில்லை.

இப்போது எனக்கு இருபத்தேழு வயது. பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். ஒவ்வொரு பாகத்தையும் பார்த்து, சரி அல்லது ரிஜெக்ட் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. அண்ணன் தினமும் மோட்டார்சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார். கியர் மாற்றுவது அந்த இடது காலால். போன வருடம் கால் வீங்கியபோது டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, இன்னொரு முறை முறிந்தால் அந்த மூட்டை அசையாதபடி இறுக்கிவிட வேண்டியதுதான் என்றார்.

இந்த நிலையில்தான் அண்ணனுடைய பழைய கூட்டாளி ஒருவர், மலாய்க்காரர், கைத்தொலைபேசிக் கடை வைத்திருப்பவர், ஒரு வீடியோ அனுப்பினார். அதில் நீள சாக்ஸுக்கு நரைத்த தாடி. எங்கேயோ ஒரு கார் நிறுத்துமிடத்தில் அதே தாவலைச் செய்து, இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அண்ணன் சாப்பாட்டு மேசையில் அதைப் பதினோரு தடவை பார்த்தார். பிறகு, ஞாயிற்றுக்கிழமை காலை அந்த ஐந்து படிக்குப் போகப்போவதாகச் சொன்னார்.

அண்ணி சண்டை போட்டுப் பார்த்தார், பேசாமல் இருந்தும் பார்த்தார். கடைசியில் என்னிடம் வந்தார். "நீ சொன்னா கேப்பாங்க லா. நடந்து போறவங்க நடந்து திரும்பி வரணும். அவ்ளோதான் நா கேக்கறது."

நான் சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. அதனால் சனிக்கிழமை, செய்ய முடிந்ததைச் செய்தேன். போர்டின் மரத்தில் விரிசல் உண்டா என்று நகத்தை ஓட்டிப் பார்த்தேன். திருகுகளை முறுக்கினேன். துருப்பிடித்த பேரிங்குகளை மாற்றினேன். கணுக்காலுக்கு இறுக்குப்பட்டை வாங்கினேன். இரும்புச் சட்டத்தின்மேல் போட ஒரு ரப்பர் விரிப்பு எடுத்துவைத்தேன். ரிஜெக்ட் செய்ய அந்த போர்டில் ஒரு குறையாவது இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. இல்லை.

ஞாயிறு காலை கடைகள் திறக்கவில்லை. கூட்டாளி மேலே கைத்தொலைபேசியோடு நின்று, அண்ணனைப் பாக்சிக் பாக்சிக் என்று மலாயில் பெரியவரைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டுக் கிழவராக்கிக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸை இப்போதே கூப்பிடவா என்று கேட்டார். அண்ணன் இறுக்குப்பட்டையை இழுத்து மாட்டினார். நான் இரும்புச் சட்டத்தின்மேல் விரிப்பைப் போட்டுவிட்டு என் பழைய இடத்தில் குந்தினேன்.

முதல்முறை அண்ணன் படி விளிம்புவரை வந்து நின்றுவிட்டார். இரண்டாம்முறை போர்டு ஒரு பக்கம் போக, அவர் தனியாகக் குதித்தார். இறங்கியதும் சில நொடி வலது காலிலேயே நின்றார். போதும் என்று கூட்டாளியே சொன்னார். கேலி நின்றிருந்தது.

மூன்றாம்முறை சக்கரச் சத்தம் திடீரென்று அறுந்தது. போர்டு சுழன்றது, நிமிர்ந்தது. நான்கு சக்கரமும் ஒன்றாகத் தரையில் அறைந்தன. முழங்கால் மடங்கி அவர் பின்பக்கம் சாய்ந்தார். வலது உள்ளங்கை முழுவதும் சிமெண்டில் ஊன்றியது. எழுந்தார். போர்டோடு ரப்பர் விரிப்பின்மேல் உருண்டு சுவர்வரை போய் நின்றார்.

மேலே கூட்டாளி கத்தினார். படத்தை ஓடவிட்டுப் பார்த்து, சுத்தம், கை தெரியவே இல்லை என்றார். அண்ணனுடைய உடம்பே கையை மறைத்திருந்தது.

அண்ணன் என்னிடம் வந்தார். இறுக்குப்பட்டைக்கு மேலே கால் புடைக்கத் தொடங்கியிருந்தது. வலது கை மூடியிருந்தது.

"பட்டுச்சா, பாப்பா?"

பட்டது அவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. நீள சாக்ஸ் யாரையும் கேட்கவில்லை. தன் கையைத் திருப்பிப் பார்த்தார், ஏறிப் போனார். அண்ணன் தன் கையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். பட்டுச்சு என்று நான் சொன்னால் மறுபடி ஏறுவார் என்பதும் எனக்குத் தெரியும்.

"படல," என்றேன்.

"நல்லா பாத்தியா?"

"பாத்தேன். படல."

அவர் கொஞ்ச நேரம் படிகளையே பார்த்தார். பிறகு உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்தார். சாம்பல் நிறத் தூசியோடு கொஞ்சம் ரத்தமும் ஒட்டியது. நான் அதைப் பார்த்ததையும் பார்த்தார்.

"நீ சொன்னா சரி," என்றபடி கடைசிப் படியில் உட்கார்ந்து காலிலிருந்து சப்பாத்தைக் கழற்றினார்.

வழியில் ஒரு கடையில் ஐஸ் மைலோ பானப் பொட்டலம் வாங்கிக் கணுக்காலில் வைத்துக்கொண்டார். வீட்டு வாசலில் அண்ணி அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். அண்ணன் நொண்டினார், ஆனால் நடந்துதான் போனார்.

திங்கட்கிழமை காலை நான் படுக்கையிலேயே விழித்துக் கிடந்தேன். வெளியே அண்ணனின் மோட்டார்சைக்கிள் ஸ்டார்ட் ஆனது. ஒரு நிமிடத்துக்குமேல் அப்படியே உறுமிக்கொண்டு நின்றது. பிறகு முதல் கியர் விழுகிற சத்தம் கேட்டது.