அவருக்காக எழுதிய வசனம்

புதுச்சத்திரம் சந்தையில் எங்கள் மகளிர் குழு ஒரு தெருநாடகம் போட்டது. பெண் குழந்தைகளைப் பற்றி. பன்னிரண்டாவது படித்த ஒரே பாவத்துக்காக வசனம் எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. சரி, வந்தது வந்தாயிற்று என்று, என் வீட்டுக்காரர் சொன்ன ஒரு வார்த்தையை அப்படியே எடுத்து உள்ளே வைத்தேன். எட்டு வருடத்துக்கு முன், ஏழாம் மாதத்தில் பிள்ளை வயிற்றிலேயே இறந்துபோய், நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது சொன்னது: "போனது பொட்டப்புள்ளதான? உடு, அழுவாத."

ஊர் கேட்க வேண்டும் என்பதற்காக எழுதவில்லை. அவர் கேட்க வேண்டும், கேட்டுத் தலைகுனிய வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

போர்வெல் போடும் ரிக் லாரியோடு வடக்கே வேலைக்குப் போகிறவர் அந்த வாரம் ஊரில் இருந்தார். எங்கள் குழுவில் கணவன் வேடம் போட்ட அக்காவுக்குக் கண்மையில் மீசை வரைந்து, இவருடைய கட்டம் போட்ட கைலியையே கட்டிவிட்டேன். இதற்கு மேல் ஒரு மனுசனுக்கு எப்படிச் சொல்வது? சாயங்காலம் நான்கு மணிக்கு நாடகம் ஆரம்பித்தது. இவர் தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

மனைவியாக நான் பாயில் கிடந்தேன். அக்கா வந்து நின்று அந்த வசனத்தைச் சொன்னார்.

"அட நாசமாப் போறவனே!"

பார்த்தால், இவர்! எழுந்து நின்று கையை நீட்டி, "நீயெல்லாம் மனுசனாடா? புள்ளயப் பறிகொடுத்துட்டுக் கெடக்கறா, அவகிட்டப் போயி..." என்றார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"ஏங்கண்ணு, இப்ப நா என்ன பண்ணட்டும்?" என்று அக்கா மீசைக்கடியில் முணுமுணுத்தார். எனக்கோ அடுத்த வசனமே மறந்துபோயிற்று.

யாரைத் திட்டுகிறார் இந்த மனுசன்? நடிக்கிறாரோ என்றுகூட நினைத்தேன். அந்த அழுகையில் நடிப்பு இல்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நான் எதிர்பார்த்துக் கிடந்தது அதைத்தான். இப்போது நாடகத்தில் பாயில் கிடந்த எவளோ ஒருத்திக்காக வந்தது. ஒருவேளை அன்றைக்கு ஆறுதல் என்று நினைத்துத்தான் அப்படிச் சொல்லித் தொலைத்தாரோ? கோபப்படுவதா, கட்டிக்கொண்டு அழுவதா, ஒன்றும் விளங்கவில்லை. இன்றுவரை விளங்கவில்லை.

திரும்பும்போது வழியெல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வண்டி ஓட்டினார். வாசலில் நிறுத்தியதும் என் பக்கம் திரும்பினார்.

"ஏம்புள்ள, நான் எப்பவாச்சும் உன்னய அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கறனா?"

தெரியாமல் கேட்டாரா, தெரிந்து பயந்து கேட்டாரா, அந்த முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. கண் இன்னும் சிவந்திருந்தது. எட்டு வருடமாக நான் காத்திருந்த கேள்வி.

"இல்லீங்க" என்றேன்.