எப்படிப் பழக்கம் என்று கேட்டார்கள்

நீதிமன்றத்துக்குப் போகும் வழியில், சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் மாணிக்கண்ணனின் படத்தைப் பார்த்தேன். கீழே அவருடைய உண்மைப் பெயர் இருந்தது. அதை அன்றுதான் முதன்முதலாகப் படித்தேன், இங்கே எழுதமாட்டேன். வண்டியை நிறுத்தவும் அஞ்சினேன். போஸ்டர் முன் நின்று அழுகிறவனை யாரென்று விசாரிக்கிற ஊர் இது.

கிங்க் என்ற சொல்லை வீட்டில் உச்சரிக்க முடியாத நம்மை, கட்டுவதும் கட்டுப்படுவதும், ஆணையிடுவதும் அடங்குவதும் பரஸ்பரச் சம்மதத்தோடு விரும்புகிற வயது வந்தவர்களை, மதுரையில் ஒரு குழுவாகச் சேர்த்தவர் அவர். சமயநல்லூர் டீக்கடையில் முதல் சந்திப்பு. பழக்க தோஷத்தில் என் விசிட்டிங் கார்டை நீட்டினேன். அவர் தொடவே இல்லை.

“உள்ள வைங்கண்ணே. எனக்கே தெரியாத பேர என்னைய அடிச்சாலும் வாங்க முடியாதுல்ல?” என்றவர், சற்று யோசித்து, “அடிக்கிறதுன்னாலும் கேட்டுட்டு அடிக்கச் சொல்லுங்க” என்றார். எனக்கு டீ புரையேறிவிட்டது.

ஒருமுறை கூட்டத்தில் புதியவர் ஒருவர் உற்சாகத்தில் படம் எடுத்துவிட்டார். ஓரத்தில், பள்ளியில் பாடம் நடத்தும் நம் தோழியின் பாதி முகம். மாணிக்கண்ணன் படத்தை அழிக்கவைத்து, அழித்தவை சேரும் இடத்திலும் அழிக்கவைத்து, கூட்டத்தை அத்தோடு கலைத்தார். “அம்புட்டு கோவமாண்ணே?” என்று கேட்டேன். “கோவமில்ல, பயம். கெட்ட எண்ணமே இல்லாம எடுத்த படந்தான் ஊர் பூரா சுத்தும்” என்றார். அவர் பயந்து நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

வெளியில் கண்டால் தெரியாதவர்போல் கடந்துபோவது நம் வழக்கம். சாவு வீட்டுக்கு அது பொருந்துமா என்று அவர் சொல்லிவைக்கவில்லை. நான் போனேன். அவருடைய மனைவியின் தம்பி வாசலில் நின்றிருந்தார், கையில் மாணிக்கண்ணனின் போன்.

“மாமாவுக்கு நீங்க எப்படிப் பழக்கம்?”

“வக்கீல். ஒரு விஷயமாகப் பழக்கம்.”

அப்போது போன் ஒளிர்ந்தது. நம்மில் ஒருவர், துக்கம் தாளாமல், இறந்தவருக்கே எழுதியிருந்தார். அந்தத் தம்பி வாய்விட்டுப் படித்தார். “மல்லியாம். ‘அண்ணே, நெசமா?’ன்னு கேக்குது. யார் சார் இது? வக்கீல்தான, இதத் தொறக்க ஒரு வழி சொல்லுங்க.”

அது திறந்தால் நம் வேலைகளும் குடும்பங்களும் என்னவாகும்? சட்டப்படி என்று நான் எதுவும் சொல்லவில்லை. “அவர் மனைவியின் சம்மதம் இல்லாமல் திறப்பது சரியல்ல” என்றேன்.

உள்ளிருந்து அந்த அம்மாள் எழுந்து வந்தார். “கொண்டா தம்பி. நான் சம்மதிக்கல” என்று போனை வாங்கி அணைத்தார். என்னை ஏறிட்டுப் பார்த்தார். திரும்பி உள்ளே போனார்.

அவருக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. தம்பி மறுபடி கேட்டு, அவர் மனம் மாறலாம். ஆகவே வேண்டுகிறேன்: அந்த எண்ணுக்கு யாரும் எழுதாதீர்கள், இதையும் படித்ததும் அழித்துவிடுங்கள். என் போன் ஒலிக்கும்போதெல்லாம் யாரென்று பார்த்த பிறகே எடுக்கிறேன். அந்தப் பயத்தோடும் மாணிக்கண்ணனிடமிருந்து ஒன்றை வைத்துக்கொள்கிறேன்: பிறர் வாழ்க்கையின் கதவு திறந்தே கிடந்தாலும், கேட்காமல் உள்ளே போகாதிருப்பது.