செதிலோடு வந்த கொடுவா

மீன் சந்தையில் மீன் ஆய்ந்து கொடுக்கிறவர்களில் அவர்தான் மூத்தவர். முப்பத்தொரு வருஷமாக அதே வெட்டுக்கட்டை, அதே கால்வலி. என்னதான் முகம் கழுவினாலும் புருவத்தில் ஒன்றிரண்டு செதில் மினுங்கிக்கொண்டிருக்கும் என்பதால் சந்தையில் அவருக்குச் செதிலண்ணன் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி.

பொறுமைசாலி என்றால் அப்படி ஒரு பொறுமைசாலி. "தலையை எடுத்துருங்க" என்பார்கள். எடுத்துப் போட்ட பிறகு "தலை எங்கேங்க?" என்று கேட்பார்கள். மெல்லிசாக வெட்டச் சொல்லிவிட்டு, "இவ்வளவு மெல்லிசாவா?" என்பார்கள். எல்லாவற்றுக்கும் செதிலண்ணன் "சரிங்க" என்பார். அப்பேர்ப்பட்ட மனிதரை ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் உலுக்கி எடுத்துவிட்டார் அவருடைய சம்பந்தி.

சம்பந்தி நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் அளப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போன நேரம் பார்த்து, மூன்று கால், மூடி, கம்பி வலை எல்லாம் வைத்த பார்பெக்யூ அடுப்பு ஒன்றை வாங்கினார். வாங்கிய மறுநாளே போன். "சம்பந்தி, ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட வந்துருங்க. முழு மீனா வாங்கிட்டு வாங்க. நான் சுட்டுக் காட்டறேன்."

ஞாயிற்றுக்கிழமைதான் சந்தையில் கூட்டம் நெரிகிற நாள். ஆனாலும் மகள் வாழப்போன வீடு. அவளுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. முடியாது என்றா சொல்வது? கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பனிக்கட்டிப் பெட்டியில் இரண்டு கொடுவா மீன்களோடு மனைவியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். விடியற்காலையில் படகிலிருந்து இறங்கிய மீன்கள். குடலையும் செவுளையும் எடுத்திருந்தார். செதிலை மட்டும் வேண்டுமென்றே விட்டுவைத்திருந்தார்.

கொல்லைப்புறத்தில் அடுப்பைச் சுற்றிச் சம்பந்தியின் நண்பர்கள் நாலைந்து பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சம்பந்தி அறிமுகம் செய்துவைத்தார். "இவர்தான் எங்க சம்பந்தி. கடல் உணவுத் துறையில இருக்கார்."

செதிலண்ணனுக்குச் சுருக்கென்றது. மீன் வெட்டுகிறேன் என்று சொல்ல அவருக்கு என்றைக்கும் வெட்கம் இருந்ததில்லை. "மீன் வெட்டுறேங்க" என்று திருத்த வாயெடுத்தார். மனைவி விலாவில் இடித்தாள். "சும்மா இருங்க."

பெட்டியைத் திறந்த சம்பந்தி கடகடவென்று சிரித்தார். "என்ன சம்பந்தி, செதிலே எடுக்கலையே! ஊருக்கெல்லாம் ஆஞ்சு குடுக்கறீங்க, சொந்த வீட்டுக்குச் செய்யறப்போ மறந்துட்டீங்களா?"

"இல்லீங்க, நெருப்புல சுடறதுக்குச் செதில் இருக்கணும். அதான் மேல கவசம் மாதிரி. கம்பியில ஒட்டாது, வெந்ததும் தோலோட உரிஞ்சு வந்துரும். நாங்க சந்தைக்குப் பின்னாடி சுட்டுச் சாப்பிடறதெல்லாம் அப்படித்தான்."

"நான் நாலு வீடியோ பாத்துருக்கேன் சம்பந்தி. ஒருத்தனும் செதிலோட சுடலை."

நண்பர்களும் சிரித்தார்கள். செதிலண்ணன் மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணாலேயே 'மகளை நினைத்துக்கொள்ளுங்கள்' என்றாள். அப்புறம் என்ன? சம்பளம் வாங்காமல், வெள்ளைச் சட்டையில், குழாயடியில் குந்தி உட்கார்ந்து, யாரோ எடுத்துக் கொடுத்த மொட்டைக் கத்தியால் ஒரு மீனைச் செதில் போகத் தேய்த்தார். சட்டை முழுக்கப் பொட்டுப் பொட்டாகச் செதில். இன்னொரு மீனைச் சம்பந்தியம்மா அப்படியே குளிர்பெட்டிக்குள் எடுத்து வைத்துவிட்டார்.

அதற்குமேல் நடந்ததெல்லாம் கண்கொண்டு பார்க்க முடியாத கூத்து. மீனின் ஈரத்தைத் துடைக்கவில்லை. மசாலாவைக் குழம்பு மாதிரிக் கரைத்து அதன் மேல் ஊற்றினார் சம்பந்தி. கரி இன்னும் கறுப்பாகவே இருந்தது, ஒரு பக்கம் கொழுந்துவிட்டு எரிந்தது. கம்பியில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. "கரி வெளுக்கட்டுமே சம்பந்தி" என்று செதிலண்ணன் மெல்லச் சொல்லிப் பார்த்தார். செவிடன் காதில் ஊதிய சங்குதான். காற்று வாக்கு பார்க்காமல் அடுப்பை வைத்ததில் புகையெல்லாம் நேராகச் சமையலறை ஜன்னலுக்குள் போனது.

மீனை வைத்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, சம்பந்தி இடுக்கியை விட்டுப் புரட்டினார். தோல் கம்பியோடு நின்றுவிட்டது. மறுபடி புரட்டினார். சதை பிய்ந்தது. "விடுங்க, அதுவா விட்டுக் குடுக்கும்" என்றார் செதிலண்ணன். "கருகிடும் சம்பந்தி, உங்களுக்குத் தெரியாது" என்று ஐந்தாவது தடவையாகப் புரட்டினார் அவர். கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்பார்களே, அது இதுதான். செதிலண்ணன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார். வெளியே இருந்தால் அவை தாமாகவே இடுக்கியைப் பிடுங்கிவிடும் என்று பயமாக இருந்தது.

ஆறாவது புரட்டலில் மீன் நடுவில் உடைந்தது. வால் பக்கம் கம்பிச் சந்து வழியாகக் கரியில் விழுந்து புஸ்ஸென்று புகைந்தது. சம்பந்தி இடுக்கியை உதறிவிட்டுச் சொன்னார். "மீன் பழசு போலிருக்கு. அதான் உதிர்ந்துடுச்சு."

செதிலண்ணனின் காது மடல் சூடேறியது. எழுந்தே விட்டார். ஆனால் அவருக்கு முன்னால் வேறொரு குரல் எழும்பியது.

"யாரு கொண்டாந்த மீனு பழசு?" அவர் மனைவிதான். அதுவரை அவரை இடித்து இடித்து அடக்கிவைத்தவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "அண்ணா, நீங்க எதை வேணா சொல்லுங்க. முப்பத்தொரு வருஷத்துல பழைய மீனைக் கையால தொட்டவர் இல்ல இவரு. விடிகாலையில படகுல ஏறிப் பொறுக்கி எடுத்துட்டு வந்துருக்காரு. செதில் வேணும்னாரு, கேட்டீங்களா? கரி வெளுக்கட்டும்னாரு, கேட்டீங்களா? தோசையா அது, திருப்பித் திருப்பிப் போடறதுக்கு?"

மாப்பிள்ளை தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே நழுவினார். அந்த நேரத்தில் சம்பந்தியம்மா குளிர்பெட்டியிலிருந்து இரண்டாவது மீனைத் தட்டோடு கொண்டுவந்து செதிலண்ணன் முன்னால் வைத்தார். "அண்ணா, எனக்குப் பசி உயிர் போகுது. நீங்களே சுடுங்க."

செதிலண்ணன் அடுப்பைப் புகை வெளியே போகிற பக்கம் நகர்த்தினார். கம்பியைத் தேய்த்துத் துடைத்து, பாதி வெங்காயத்தை எண்ணெயில் முக்கி அதன் மேல் இழுத்தார். கரி சாம்பல் பூக்கிற வரைக்கும் யார் என்ன கேட்டாலும் பதில் சொல்லவில்லை. மீனைத் துணியால் ஒற்றி, வயிற்றுக்குள் மட்டும் உப்பும் மிளகும் தடவி, செதிலோடு கம்பிமேல் வைத்தார். வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

சம்பந்தியால் மூன்று நிமிஷம் தாங்க முடிந்தது. அப்புறம் கை நீண்டது.

"கையை வைக்காதீங்க சம்பந்தி."

"இல்ல, லேசா…"

"லேசாவும் வேணாம்."

பத்து நிமிஷம் கழித்து ஒரே தடவைதான் திருப்பினார். மீன் முழுசாகப் புரண்டது. இறக்கி வைத்துத் தோலைப் பிடித்து இழுத்ததும், செதிலும் தோலும் ஒன்றாகச் சட்டை கழன்ற மாதிரி உரிந்து, உள்ளே வெள்ளை வெளேரென்ற சதையிலிருந்து ஆவி பறந்தது. தட்டு சுத்தமாகிற வரைக்கும் யாரும் பேசவில்லை.

சம்பந்திதான் முதலில் வாயைத் திறந்தார். நண்பர்களைப் பார்த்து, "நான் போட்ட தீ இப்பத்தான் பதத்துக்கு வந்துச்சு" என்றார்.

செதிலண்ணன் பல்லைக் கடித்தார். மகள் அவரைக் கை கழுவக் கூட்டிப்போகிற மாதிரி குழாயடிக்கு அழைத்துப்போனாள். அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அம்மா இப்படிப் பேசிட்டாளே. உனக்கு ஏதாவது சங்கடம் வருமாம்மா?"

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பா, நான் தினமும் மாமாகூடச் சண்டை போடறேன். காலையில காப்பிக்கு ஒண்ணு, சாயங்காலம் டிவிக்கு ஒண்ணு. அத்தையும் போடுவாங்க. மாமாவுக்கு அது இல்லேன்னாத்தான் பொழுது போகாது. செதிலை எடுக்க மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சுது. நீங்க ஏன் போய்த் தேய்ச்சீங்க?"

செதிலண்ணன் சட்டையில் ஒட்டியிருந்த ஒரு செதிலைக் கிள்ளி எறிந்தார். அடுப்புப் பக்கமிருந்து சம்பந்தி கூப்பிட்டார். "சம்பந்தி! அடுத்த ஞாயித்துக்கிழமை நண்டு கொண்டு வர்றீங்களா?"

"ஞாயித்துக்கிழமை எனக்குச் சந்தையில வேலை இருக்குங்க" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார் செதிலண்ணன்.