மலைப் பாதையில் என் குடை

எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு மலை தொங்குகிறது. அதன் அடிவாரத்தில் குடையும் குடுமியுமாகக் கடுகளவில் ஒருவர் நிற்கிறார். அது நான்தான். வரைந்தவனும் நானே. என் சித்திர வாழ்க்கை அந்தக் கடுகோடு முடிந்தது.

மலையை வரைந்தவர், கல்கத்தா பௌபஜாரில் எங்கள் மெஸ்ஸுக்குக் கீழே நாற்காலிப் பட்டறை வைத்திருந்த சீனத்து மிஸ்திரி. அந்த வருஷம் பூஜை லீவில் உளியை வைத்துவிட்டுத் தூரிகையை எடுத்தார். பழைய சீன முறை. முழுக்கக் கறுப்பு மை, உதிரப்போகிற இலைகளுக்கு மட்டும் துருச்சிவப்பு. மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. தெருவில் பூஜை மேளம் அதிர்ந்தது. பட்டறைக்குள் ஏனோ பனி இறங்கினாற்போல் சில்லிட்டது.

அடிவாரத்தில், பாதை தொடங்கும் இடத்தில், கால்வாசிக் காகிதம் வெறுமையாக இருந்தது. அது மூடுபனி என்று எனக்கென்ன தெரியும்? ஆபீஸில் காலி இடத்தைக் கண்டால் கோடு போட்டு அடைத்தே பழகிய குமாஸ்தா கை. அவர் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில், சிரிப்பாரே என்று என்னை அங்கே வரைந்து வைத்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "பாபு, இது யாரு?" என்றார், எங்கள் இருவருக்கும் பொதுவான ஓட்டை ஹிந்தியில்.

"நான்தான். காத்து வாங்க வந்திருக்கேன்."

"நாளைக்கு இதை எரிக்கணும்."

"அவ்வளவு மோசமாவா இருக்கேன்?"

அவர் தம்பி கப்பலில் வரும்போது செத்தவன். ஊர் மலைக்கு வழி தெரியாமல் அலைகிறானாம். இலை சிவக்கும் காலத்தில் மலையை வரைந்து எரித்தால் அவன் கைக்குப் போய்ச் சேருமாம். "படத்துல இருக்கறது எல்லாம் போயிடும், பாபு. எல்லாம்."

குடைக்காரர் எங்களுக்கு முதுகைக் காட்டி, கிளம்பத் தயாராக நின்றார்.

"என்னை மட்டும் வெட்டி எடுத்துடுங்களேன்."

"வெட்டினா வழி அறுந்துடும்."

மறுநாள் பட்டறை வாசலில் வெறும் ஊதுபத்தி மட்டும் புகைந்தது. படத்தைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். "தம்பி இன்னும் ஒரு வருஷம் காத்திருப்பான். பாபுவுக்கு ஊர்ல பொண்டாட்டி இருக்கா."

அடுத்த பூஜைக்குள் மிஸ்திரியே செத்துப்போய்விட்டார்.

"ஏன்னா, குடைக்காரர் நகர்ந்துட்டாரா?" என்று வருஷா வருஷம் என் மனைவி கேலி செய்கிறாள். நகரவில்லை. ஆனால் மேளம் கேட்கும் நாட்களில் அவருக்குப் பின்னால், அந்த வெறும் காகிதத்தில், யாரோ பொறுமையாக நிற்பது தெரிகிறது. பாதை குறுகல். அதை அடைத்துக்கொண்டு நிற்பது நான்.