விழுந்தால் கூப்பிடும் குரல்

ஸ்டெல்லா போய்விட்ட செய்தி வந்தபோது கூடுவாஞ்சேரி சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மாரடைப்பு. போனில் அவள் கணவர் அந்தோணி. பையைக் கடையிலேயே போட்டுவிட்டு முடிச்சூருக்கு ஓடினேன். அடக்கம் முடிந்து திரும்பும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ரகு, அவ குரலு பதிஞ்சது எதுனா உங்கிட்ட கீதாப்பா? எங்கிட்ட ஒண்ணுமே இல்ல. எப்பவும் பக்கத்துலதானே இருந்தா."

தாம்பரத்து அலுவலகத்தில் எங்களோடு இருந்தவர்களுக்கு அவளைத் தெரியும். புதுப்படம் வரும்போது அதன் பெயரில் கூடவே வருகிற போன் விளையாட்டுகளை அங்கே செய்தோம். ஆட்டத்தை அவள் வடிவமைப்பாள், நான் புரோகிராம் எழுதுவேன். உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. "படத்துக்குத்தான்பா ரிலீஸ் தேதி. நமக்கு அது கெடு" என்பாள்.

கடைசிப் படத்தின் கதையைக் கண்ணிலேயே காட்டவில்லை. ரகசியமாம்! ஒரு போஸ்டர் மட்டும் வந்தது. அதில் தாடியோடு முறைத்தவர்தான் வில்லன் என்று நாங்களே முடிவு கட்டினோம். படம் வந்த பிறகு பார்த்தால், அவர் கதாநாயகனின் அப்பா. எங்கள் ஆட்டத்தில் பெற்ற அப்பனைத் தெருத்தெருவாகத் துரத்தி உதைத்துக்கொண்டிருந்தான் மகன். "பெத்த புண்ணியத்துக்கு நல்லா வாங்கிக்கினாரு" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள் ஸ்டெல்லா.

அவளைச் சிரிக்கவிடாத விஷயம் வேறு. நாயகன் சாகக்கூடாது, தோற்கவும் கூடாது என்று நடிகர் தரப்பில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். "தோக்கவே முடியலன்னா எவன்பா வெளையாடுவான்? பயம் இல்லாம தாண்டறதுல இன்னா கீது?" என்று மீட்டிங்கில் சண்டை போட்டாள். எடுபடவில்லை. பள்ளத்தில் விழுந்தால் நாயகியின் குரல் கூப்பிடும், நாயகன் மறுபடி கரையில் நிற்பான் என்று முடிவானது. நாயகி வந்து பேசும்வரை இருக்கட்டும் என்று ஸ்டெல்லாவே பேசிப் பதிந்தாள்: "அய்யோ, பாத்துப்பா! ஒண்ணும் ஆகல, திரும்பி வா." பின்னால் எங்கள் மின்விசிறி கடகடக்கும். நாயகி வரவே இல்லை, வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. அந்தக் குரலோடே ஆட்டம் வெளியானது. 'பக்கத்து வூட்டு அக்கா கூப்டறாங்கோ' என்று எவனோ விமர்சனம் எழுதினான். அன்று அவள் சாப்பிடவில்லை. அந்தப் பாவி மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

படத்தின் பெயருக்கான உரிமம் முடிந்ததும் ஆட்டத்தை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட்டார்கள். என் பழைய போனில் மட்டும் கிடந்தது. மறுவாரம் அதை அந்தோணியிடம் எடுத்துப் போனேன்.

அவருக்கு விளையாடத் தெரியாது. நாயகன் நாலடி நடந்து பள்ளத்தில் விழுந்தான். "ஒண்ணும் ஆகல, திரும்பி வா" என்றாள் ஸ்டெல்லா. அந்தோணி அவனை மறுபடி பள்ளத்துக்கே நடத்தினார். மறுபடியும். தாண்டும் பொத்தானை நான் காட்டப் போனேன்.

"வேணாம்பா" என்று என் விரலை விலக்கினார்.

போனை அவரிடமே விட்டு வந்தேன். ஆனால் குரல் என்னை விடவில்லை. நேற்று தாம்பரம் ஸ்டேஷன் படியில் கால் வழுக்கிக் கம்பியைப் பிடித்து நின்றேன். மின்விசிறிச் சத்தத்தோடு கேட்டது. அத்தனை கூட்டத்துக்கு நடுவே, "வர்றேன் ஸ்டெல்லா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.