ஸ்கூல் வான் எங்கே நிற்கிறது

வெள்ளவத்தையில், காலி வீதியில் ஒரு சேலைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. கம்பெனி என்றால் பெரிதாக எதையோ நினைத்துவிடாதீர்கள். சில மேசைகள், ஓயாமல் சொட்டும் ஓர் ஏசி, முதலாளி, ஒரு கைப்பிடி ஆட்கள். ஃபோனுக்கு ஆப் செய்வது தொழில். திரையில் எது எங்கே இருக்க வேண்டும், என்ன சொல்லில் இருக்க வேண்டும், ஃபோன் எப்போது சத்தம் போட வேண்டும் என்று யோசிப்பது என் பங்கு. இதை என் அம்மாவுக்கு விளங்கப்படுத்தப் பலமுறை முயன்று கைவிட்டேன். கேட்கிறவர்களிடம் அவர், "மகள் கொம்பியூட்டரில ஏதோ செய்யிறா" என்று சொல்லி முடித்துவிடுவார்.

முதலாளி தெமட்டகொடைக்காரர். முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் காலையில் ஏணிப்படி ஏறிவந்த மூச்சு அடங்க முன்னமே சொன்னார்:

"ஸ்கூல் வான்! பகலானா ஒவ்வொரு உம்மாவும் கேட்டடியில நிண்டு ரோட்டப் பாத்துட்டே ஈக்கிறாங்க. வான் எங்க வருதுண்டு நாம ஃபோன்ல சொல்லிக் குடுப்போம்."

எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. என் மகளும் அப்படி ஒரு வான் வண்டியில்தான் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் பள்ளிக்கூடம் போய்வந்தாள். எங்கள் வானிலேயே சோதித்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

வான் ஓட்டுபவரைப் பிள்ளைகள் வான் அங்கிள் என்பார்கள். அம்மாமார் நாங்களும் அப்படியே. பெற்றோர் ஹட்டன் பக்கம், அவர் பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனையில். நேரம் தவறாத மனிதர். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஆப் பற்றிச் சொன்னதும், "எதுக்கு மிஸ் அதெல்லாம்? என் வான் வர்றதப் பாத்தே கடிகாரத்தச் சரிபண்ணிக்கலாமே" என்றார். ஆனாலும் டாஷ்போர்டில் ஒரு ஃபோனை மாட்டிவைக்கச் சம்மதித்தார்.

முதல் ஆப்பை நான் மிகுந்த பெருமையோடு செய்தேன். பிள்ளை வானில் ஏறியதும் ஒரு மணிச் சத்தம். புறக்கோட்டை தாண்டினால் ஒன்று. காலிமுகத்திடலில் ஒன்று, கொள்ளுப்பிட்டியில் ஒன்று, பம்பலப்பிட்டியில் ஒன்று. வாசலுக்கு வந்ததும் இன்னுமொன்று. தகவல் கூடக்கூட மனம் நிம்மதியாகும் என்று நினைத்திருந்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் எங்கள் ஃபிளாட்டில் மாடி மாடியாக அந்த மணி கேட்கத் தொடங்கும். கீழ்வீட்டுக் குசினியில் கேட்கும், மேல்வீட்டுப் பல்கனியில் கேட்கும். ஆரம்பத்தில் அது எனக்குச் சங்கீதமாகவே இருந்தது.

மேல்மாடி அக்கா என்னைப் படிக்கட்டில் பிடித்தார். யாழ்ப்பாணத்துப் பெண்மணி, மகன் அதே வானில் வருகிறவன். மனதில் பட்டதை அடுத்த நிமிடமே வாயால் சொல்லிவிடுகிறவர்.

"தங்கச்சி, உம்மட சாமான் என்ர மாமியையும் வெண்டிட்டுது. அவகூட ஒரு நாளைக்கு இவ்வளவு தரம் என்னைக் கூப்பிடமாட்டா."

"வான் எங்க வருதெண்டு தெரிஞ்சா நல்லதுதானே அக்கா?"

"மகன் வீட்டை வந்தால் எனக்குச் சரி. அவன் கொள்ளுப்பிட்டியில நிக்கிறான் எண்டு தெரிஞ்சு நான் என்ன செய்யிறது? அங்க போய்ச் சீப்பால தலை இழுத்துவிடுறதோ?"

சிரித்துச் சமாளித்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன்.

அதற்குள் நானாவுக்கு வேறொரு யோசனை வந்திருந்தது. இத்தனை அம்மாமார் ஒரே நேரத்தில் ஃபோனைப் பார்க்கிறார்கள் என்றால் அதை வீணாக விடலாமா? தெரிந்த பேக்கரிக்காரர் ஒருவரிடம் பேசிவைத்துவிட்டார். எனக்கு விருப்பமில்லை, இருந்தும் பேக்கரியின் விளம்பரம் ஓர் அறிவித்தலாகப் போயிற்று. அன்று அக்கா மா பிசைந்துகொண்டிருந்தாராம். மணி அடித்ததும் கையைக்கூடக் கழுவாமல் படியிறங்கி கேட்டடிக்கு ஓடியிருக்கிறார். வானைக் காணவில்லை. மா அப்பிய விரலால் ஃபோனைத் தட்டிப் பார்த்தால், பிறந்தநாள் கேக்குக்கு விசேஷ விலைக்கழிவு என்றிருக்கிறது. பக்கத்தில் நின்ற எல்லோரும் பார்க்க அங்கேயே ஆப்பை அழித்துவிட்டார். மற்றவர்கள் அழிக்கவில்லை, சத்தத்தை மட்டும் நிறுத்திவைத்தார்கள். சத்தம் நிறுத்தப்பட்ட ஆப் இருந்தென்ன, இல்லாமல் போயென்ன?

மறுநாள் நானாவோடு நன்றாக வாதாடினேன். நல்ல மனிதர், முகம் சிவந்தாலும் கேட்பார். ஒவ்வோர் அறிவித்தலையும் எடுத்து, "இந்தச் சத்தத்தைக் கேட்டவுடன அந்த அம்மா எழும்பி என்ன செய்வா?" என்று கேட்டேன். புறக்கோட்டைக்கு அவரிடம் பதில் இல்லை. காலிமுகத்திடலுக்கும் இல்லை. கேக்குக்கு வந்தபோது அவரே சிரித்துவிட்டார்.

"சரி சரி, வெட்டுங்க. என்ட பொஞ்சாதியும் நேத்து இதத்தான் ஏசினா."

கடைசியில் இரண்டுதான் மிஞ்சின. பிள்ளை வானில் ஏறிவிட்டால் அது சத்தமில்லாமல் திரையில் மட்டும் தெரியும், வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளலாம். வான் காலி வீதியை விட்டு நம் ஒழுங்கைக்குக் கிட்ட வரும்போது மட்டும் மணி அடிக்கும், ஏனென்றால் அப்போதுதான் யாராவது எழும்பிக் கீழே இறங்க வேண்டும். சொற்களையும் மாற்றினேன். முன்னே, "தங்கள் பிள்ளையை ஏற்றிய வாகனம் அண்மித்துக்கொண்டிருக்கிறது" என்று எழுதியிருந்தேன். அதை வாய்விட்டு வாசித்தால் கோட்டை ரயில் நிலையத்து ஒலிபெருக்கி போல இருந்தது. "வான் கிட்ட வந்துவிட்டது. வாசலுக்கு வாருங்கள்" என்று மாற்றினேன். என்னோடு வேலை செய்த சிங்களப் பெண் சிங்களத்தில் அதைவிடவும் சின்னதாக எழுதிவிட்டு, ஜெயித்தவள் போல என்னைப் பார்த்தாள்.

அக்கா திரும்பவும் ஆப்பைப் போட்டுக்கொண்டார். "இப்பதான் மனுசர் வச்சிருக்கக்கூடிய சாமானா இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு. மற்ற அம்மாமாரும் சத்தத்தைத் திரும்பப் போட்டார்கள். நான் கொஞ்ச நாள் மிதந்துகொண்டு திரிந்தேன்.

பிறகு மழை வந்தது.

கொழும்பில் மத்தியானத்துக்குப் பின் வானம் கறுத்துக்கொண்டு கொட்டுவது புதிதல்ல. ஆனால் அன்று பெய்த மழையில் எங்கள் அலுவலக யன்னலிலிருந்து எதிர்ப்பக்கத்துக் கடைகளே தெரியவில்லை. மகள் வானில் ஏறிவிட்டாள் என்று திரை சொன்னது. நான் வேலையைப் பார்த்தேன். வான் வழக்கமாக வந்து சேரும் நேரம் கடந்தது. ஆப்பைத் திறந்தால் வரைபடத்தில் வானைக் காட்டும் புள்ளி ஆமர் வீதிச் சந்தியில் நின்றது. சற்றுப் பொறுத்துப் பார்த்தேன். அங்கேயே நின்றது. மழை பெய்தால் அந்தச் சந்தி குளமாகிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் ஆப்பை மூடி மூடித் திறந்து அந்த அசையாத புள்ளியையே பார்த்தேன்.

குடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். ஃபிளாட்டின் கீழே, கார் நிறுத்தும் இடத்தில் அம்மாமார் கூடியிருந்தார்கள். எல்லோர் கையிலும் ஃபோன். பக்கத்து ஒழுங்கைச் சிங்களப் பெண் என்னைக் கண்டதும், "தாம ஆவே நெத்த?" என்று கேட்டாள். இன்னும் வரவில்லையா என்று என்னைக் கேட்டால் நான் யாரைக் கேட்பது? பள்ளிக்கூடத்துக்கு எடுத்தோம், லைன் கிடைக்கவில்லை. வான் அங்கிளுக்கு எடுத்தோம். வான் ஓட்டும்போது ஃபோனைத் தொடமாட்டார் என்பது அவரிடம் நாங்கள் எல்லோரும் மெச்சிய குணம். அன்று அந்த ஃபோன் மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

அக்கா என் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"முந்தி எல்லாத்துக்கும் கத்தினது. இப்ப கத்த வேண்டிய நேரத்தில வாயை மூடிக்கொண்டு கிடக்குது. ஏன் தங்கச்சி?"

ஏன் என்று எனக்குத் தெரியும். வான் கிட்ட வந்தால்தான் பேசு என்று நான் சொல்லிவைத்திருந்தேன். கிட்ட வராவிட்டால் என்ன சொல்வது என்று யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த மழையில், அந்த ஈரச் சீமெந்துத் தரையில், மற்ற அம்மாமாரோடு நானும் வெறும் அம்மாவாக நின்று, என்னுடைய ஆப் ஏதாவது ஒன்றைச் சொல்லாதா என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல செய்தி என்றுகூட இல்லை. ஒரு சொல் போதும் போலிருந்தது.

மழை விட்டுத் தூறலாகியபோது எல்லா ஃபோனும் ஒன்றாக அடித்தன. வான் கிட்ட வந்துவிட்டது. யாரும் வாசலுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. எல்லோரும் அங்கேதான் நின்றோம்.

வான் கதவு திறந்ததும் பாட்டுச் சத்தமும் மீன் ரோல்ஸ் வாசமும் வெளியே வந்தன. சந்தியில் தண்ணீர் வடியும்வரை ஓரமாக நிறுத்தி, வான் அங்கிள் எல்லாப் பிள்ளைகளுக்கும் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறார். மழையிலும் பாட்டிலும் ஃபோன் அடித்தது அவருக்குக் கேட்கவே இல்லையாம். என் மகள் குதித்து இறங்கினாள்.

"அம்மா, இண்டைக்குச் சரியான ஜொலி! தண்ணியில ஒரு செருப்புக் கூட்டமே மிதந்து போச்சு!" என்றவள் எங்களைச் சுற்றிப் பார்த்தாள். "ஏன் எல்லா அம்மாவும் அழுறமாதிரி நிக்கிறீங்க?"

அக்கா மகனின் தலையை இறுகப் பிடித்துக்கொண்டு, "ஒண்டுமில்லை" என்றார்.

அடுத்த நாளே டாஷ்போர்டு ஃபோனில் ஒரு பெரிய பட்டன் வைத்தேன். தாமதமானால் வானை நிறுத்திவிட்டு ஒருமுறை தொட்டால் போதும், எல்லா அம்மாமாருக்கும் செய்தி போகும். பட்டனில் "தாமதம்" என்று எழுதியிருந்தது. அந்த வாரமே கோட்டையில் ஓர் ஊர்வலம் வந்து பாதை அடைபட்டது. வான் நேரம் பிந்தியே வந்தது. செய்தி எதுவும் வரவில்லை.

"அங்கிள், பட்டன் வேலை செய்யேல்லையா?"

"செய்யும் மிஸ். நான் தொடல."

"ஏன்?"

"நான் எப்ப லேட்டாகியிருக்கேன்?" அவருக்கு உண்மையாகவே மனம் நொந்திருந்தது. "ரோடுதான் லேட்டு. என்னைய லேட்டுன்னு நானே எல்லாருக்கும் சொல்லணுமா?"

அன்று பின்னேரம் வேறெதையும் தொடாமல் பட்டனிலிருந்த அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிட்டேன். "ரோடு அடைப்பு" என்று எழுதினேன். அம்மாமாருக்குப் போகும் செய்தி, "ரோடு அடைபட்டிருக்கிறது. வான் மெதுவாக வருகிறது. பிள்ளைகள் பத்திரம்" என்று இருந்தது. அதைக் காட்டியபோது வான் அங்கிள் இரண்டு தரம் வாசித்தார். "இது சரி. இது உண்மை" என்றார். அதன்பிறகு அவருக்கு அந்தப் பட்டனில் ஒரு தனிப் பிரியமே வந்துவிட்டது. சிவப்பு விளக்கில் நின்றாலும் தொட்டார், பஸ் ஒன்று குறுக்கே திரும்பினாலும் தொட்டார். ஒரு பயணத்துக்கு ஒருமுறைக்கு மேல் போகாதபடி நான்தான் கட்டிவைக்க வேண்டியிருந்தது.

தெஹிவளைப் பக்கத்து வான்காரர்களும் ஆப்பைக் கேட்கத் தொடங்கியதும் நானா மறுபடி ஏணிப்படியைப் பாய்ந்து ஏறலானார்.

எனக்கு நினைவில் நிற்பது வேறொரு பகல். நான் வீட்டிலிருந்து வேலை செய்த நாள். ரோடு அடைபட்டிருக்கிறது, பிள்ளைகள் பத்திரம் என்று செய்தி வந்தது. யாரும் கீழே இறங்கி ஓடவில்லை. கொஞ்ச நேரத்தில் அக்கா கதவைத் தட்டினார். கையில் பணப்பை.

"எப்பிடியும் பிந்தித்தான் வருவினம். வாரும், கடற்கரைப் பக்கம் ஒருக்கா நடந்திட்டு வருவம்."

மரைன் டிரைவ் வழியாக நடந்தோம். ரயில் தண்டவாளத்துக்கு அப்பால் கடல் மழைக்குப் பிந்திய மண்நிறத்தில் கிடந்தது. வண்டில்காரரிடம் இறால் வடை வாங்கினோம். மகனின் கணக்குப் பாடத்தில் தொடங்கிய அக்கா தன் கலியாணக் கதையில் வந்து நின்றார். இத்தனை வருடம் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கியும் அவர் இவ்வளவு சிரிக்கக்கூடியவர் என்று எனக்குத் தெரியாமல் போயிருந்தது. கலியாண மண்டபத்தில் மின்சாரம் போன இடத்துக்குக் கதை வந்தபோது இருவர் ஃபோனும் ஒன்றாக மணி அடித்தன.

"மிச்சத்தை நாளைக்குச் சொல்லுறன்" என்றார் அக்கா. வடையை வாயில் அடைத்துக்கொண்டு, செருப்பு நழுவ நழுவ, வாசலை நோக்கி ஓடினோம்.