அண்ணன் எண்ணிய நாற்பது

இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணனைப் பற்றி எழுத என்னைவிடப் படித்தவர்கள் எங்கள் குடும்பத்தில் இருக்கிறார்கள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனால் கடைசி நாட்களில் அவருடைய காலுக்கு மருந்து கட்டியவள் நானே என்பதால், நீயே எழுது என்று அண்ணனின் துணைவியாரான எங்கள் மச்சாள் சொல்லிவிட்டார். இத்தகைய மலர்களில் நல்லதை மட்டும் எழுதுவது வழக்கம் என்று தெரியும். எனக்கு அண்ணனோடு இருக்கும் கோபம் இன்னும் தீரவில்லை. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அண்ணன் மன்னார்க் கரையில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் அவர் மூத்தவர், நான் கடைசி. சண்டைக்காலத்தில் அப்பாவைப் பறிகொடுத்த பின், ஒரு வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டிப் பக்கம் வந்து இறங்கினோம். அப்போது அண்ணனுக்குப் பதினேழு வயது. ஓட்டி வந்த இருவரோடு சேர்த்து வள்ளத்தில் எட்டுப் பேர் இருந்தோம். நோவாவின் பேழையிலும் எட்டுப் பேர்தான், எட்டு என்பது புதிய வாழ்வின் எண் என்று பின்னாளில் அவர் சொல்வார். பேழையில் யாரும் வாந்தி எடுக்கவில்லையா என்று நான் கேட்பேன். அன்று வழி முழுக்க என் தலையைப் பிடித்துக்கொண்டு வந்தவர் அவர்.

முதல் ஆண்டுகள் ஓலைக் கொட்டிலில் கழிந்தன. அம்மா வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போனார். அண்ணன் பிறருடைய வள்ளங்களில் மீன்பிடித் தொழிலுக்குப் போனார். நடுவில் பிறந்த மூவரையும் படிக்கவைத்தார். என்னையும் படிக்கவைக்கப் பார்த்தார், நான் நிற்கவில்லை. உப்பளம், இறால் பண்ணை, தையல் தொழிற்சாலை, பிறகு யோர்தான் நாட்டில் நாலு வருடம் வீட்டுவேலை என்று அலைந்தேன். கல்யாணம் ஒன்று நடந்தது, முடிந்தும் போனது. எங்கே போய் எந்த நிலையில் திரும்பி வந்தாலும் பின் அறையைக் கூட்டித் தந்தார்கள். ஏன் வந்தாய் என்று அண்ணன் ஒருநாளும் கேட்டதில்லை.

யோர்தானிலிருந்து வந்தபோது மட்டும் ஒன்று கேட்டார். யோர்தான் ஆற்றைப் பார்த்தாயா? நான் பார்த்ததெல்லாம் ஒரு சமையலறையும் ஐந்து மாடிப் படிகளும்தான் என்றேன். விவிலியத்தில், தொழுநோய் தீர நாமான் என்ற படைத்தலைவன் ஏழு தடவை முங்கிய ஆறு அது. "ஏழு தரம் முங்க ஆழம் காணுமோ எண்டாவது ஆரையும் கேட்டுக்கொண்டு வந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை.

எண்களில் அவருக்கு இருந்த ஈடுபாட்டை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அம்மா இறந்த வருடம் விவிலியத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசித்து முடித்தார். மீன் எண்ணிப் பழகிய கண் அல்லவா, எண்கள்தான் முதலில் பட்டன. ஒரு பெரிய கொப்பி வாங்கினார். இடப்பக்கம் எண், வலப்பக்கம் அது வரும் இடமும் பொருளும். மூன்று இறைவனுக்கு. நாலு பூமியின் திசைகளுக்கு. ஏழு நிறைவு. பன்னிரண்டு கோத்திரங்களும் திருத்தூதர்களும். நாற்பதுக்கு மட்டும் மூன்று பக்கங்கள் எழுதியிருந்தார். மழை பெய்த நாற்பது நாள், மோசே மலையில் இருந்த நாற்பது நாள், பாலைவனத்தில் அலைந்த நாற்பது ஆண்டு, நினிவே நகருக்குக் கொடுத்த தவணை, ஆண்டவரின் நோன்பு. நாற்பது என்றால் சோதனை, அது முழுதாக முடிந்தால்தான் விடுதலை என்று அடியில் கோடிட்டிருந்தார்.

பூசை முடிந்ததும் அவரைச் சுற்றி ஆட்கள் நிற்பார்கள். அறுநூற்று அறுபத்தாறு, சாத்தானின் எண் என்று பயந்துகொண்டு வருபவர்களை ஏசி அனுப்புவார். எங்கள் பக்கத்து ஒழுங்கையில் ஓட்டோ ஓட்டும் நிஸார் நானா, வந்த காலம் முதல் அண்ணனின் கூட்டாளி. தன் ஓட்டோ இலக்கத்துக்கு என்ன அர்த்தம் என்று ஒருமுறை கேட்டார். அண்ணன் ஓட்டோவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "பின் டயரை மாத்து எண்டு அர்த்தம்" என்றார்.

அவருக்குத் தீராமல் இருந்தது நூற்று ஐம்பத்து மூன்று. உயிர்த்த ஆண்டவர் கரையில் நிற்க, சீடர்கள் இழுத்த வலையில் அகப்பட்ட பெரிய மீன்களின் தொகை. வந்து போன சுவாமிமார் எல்லோரிடமும் கேட்டார். ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். நான் சொன்னேன்: "அண்ணை, பங்கு போட எண்ணியிருப்பினம். நீங்களும் கரைக்கு வந்தால் எண்ணுறியள்தானே." அவருக்குக் கோபம் வந்தது. "உனக்கு ஒண்டுக்கும் பொருள் இல்லை" என்றார். பொருள் இல்லை என்று நான் நினைக்கவில்லை. எண்ணியவர்களுக்குப் பசி இருந்தது என்றுதான் நினைத்தேன்.

இந்த வருடம் தவக்காலத்துக்குச் சில நாட்கள் முன்பு, வலை தட்டும்போது ஒரு கெளுத்தி முள் அண்ணனின் வலது பாதத்தில் ஏறியது. அவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. காயம் ஆறவில்லை. சாம்பல் புதன் அன்று அண்ணன் ஒரு நேர்த்தி வைத்தார். தவக்காலத்தின் நாற்பது நாளும் தவறாமல் கோயிலுக்குப் போய்ச் செபிப்பது, நாற்பது முடிய ஆண்டவர் குணமாக்குவார், இல்லாவிட்டால் அதன் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போவது. ஒரு நாள் தவறினாலும் எண் உடைந்துவிடுமாம்.

நேர்த்தி வைத்து ஒரு வாரம் கழிந்து, இரண்டாம் கிழமையில் கிளினிக்குக்கு ஒருவாறு கூட்டிப்போனேன். அங்கே இருந்த டொக்டர் அம்மா நேராகவே சொன்னார். இரண்டு விரல்களை எடுக்க வேண்டும், இந்தக் கிழமையே வந்து படுங்கள், பிந்தினால் விரலோடு நிற்காது. சிங்களத்தில்தான் சொன்னார். ஆனால் விளங்கவில்லை என்று சொல்ல வழியில்லை, அண்ணனுக்கு என்னைவிட நல்ல சிங்களம் தெரியும். மரியாதையாகத் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, நாற்பது முடியட்டும் என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்குப் பொறுமை போதாது. மச்சாள் அழுதார். சிலாபத்தில் கட்டிக்கொடுத்த மகள் வந்து இரண்டு நாள் நின்று சண்டை பிடித்துவிட்டுப் போனாள். பங்குச் சுவாமியே வீட்டுக்கு வந்து, கட்டிலில் கிடந்தும் செபிக்கலாம், கடவுள் நாட்காட்டி பார்ப்பதில்லை என்று சொன்னார். அண்ணன் அவருக்குத் தேநீர் கொடுத்து, ஓம் சுவாமி, ஓம் சுவாமி என்றார். அடுத்த நாள் நிஸார் நானாவின் ஓட்டோவில் கோயிலுக்குத்தான் போனார். நான் ஒவ்வொரு நாளும் கட்டை அவிழ்த்து மருந்து போட்டேன். நிறம் மாறுவதை நான்தான் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை. அந்த நேரம் கொப்பியை விரித்து வைத்திருப்பார்.

நானும் எண்ணிக்கொண்டிருந்தேன். சாம்பல் புதனை ஒன்று என்று வைத்தால் நாற்பதாம் நாள் குருத்து ஞாயிறு. அன்று காலை ஆஸ்பத்திரிக்கென்று பையில் துடைக்கத் துவாயும் உடுக்கச் சாரமும் வைத்துக் கட்டினேன். பூசை முடிந்ததும் நானா ஓட்டோவை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். அண்ணன் கதிரையில் இருந்து காலை ஒரு பலகைமேல் நீட்டியிருந்தார். கையில் குருத்தோலை. பையைப் பார்த்துவிட்டு, எங்கே பயணம் என்று என்னைக் கேட்டார்.

"இண்டைக்கு நாப்பது முடிஞ்சுது அண்ணை. எழும்புங்கோ."

"ஞாயிறு சேராது" என்றார் அண்ணன். "ஆண்டவர் உயிர்த்த நாளில நோன்பு இல்லை. ஆறு ஞாயிறு கழி. இண்டைக்கு முப்பத்திநாலுதான். இன்னும் ஆறு நாள் கிடக்கு."

திருச்சபையின் கணக்கு அதுதானாம். சரியாக இருக்கலாம். எனக்கு அந்த இடத்தில் பையைத் தூக்கி எறியவேண்டும் போல இருந்தது. எறிந்தேன். துவாய் முற்றத்தில் போய் விழுந்தது. "காயம் ஞாயிற்றுக்கிழமை லீவு எடுக்கேல்லை அண்ணை" என்றேன்.

நிஸார் நானா துவாயை எடுத்து மண்ணைத் தட்டி மடித்தார். பிறகு அண்ணனுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு சொன்னார்: "அண்ணே, எங்கட மார்க்கத்திலயும் நாப்பது ஈக்கி. அது மௌத்தான ஆளுக்கு. மூச்சு ஈக்கிற ஆளுக்கு என்னத்துக்கு நாப்பது?"

அண்ணன் குருத்தோலையை மடியில் வைத்தார். பிறகு, நாளைக்கும் ஐந்தரைக்கு வா என்று மட்டும் சொன்னார்.

கத்திப் பயனில்லை என்று அன்று எனக்குத் தெரிந்துபோனது. புதன்கிழமை அவர் கோயிலில் இருந்த நேரம் கொப்பியை எடுத்து, படிக்கத் தெரிந்த மட்டும் ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தேன். ஏதாவது ஓர் எண் என் பக்கம் நிற்காதா என்று தேடினேன். முப்பத்தெட்டில் நின்றேன். குளத்தருகே முப்பத்தெட்டு ஆண்டு கிடந்த நோயாளியை ஆண்டவர் எழுந்து நடக்கச் சொன்ன கதை. அண்ணன் எதிரே எழுதியிருந்தார்: நாற்பதுக்கு இரண்டு குறைவு, நிறைவடையாத எண்.

மறுநாள் பெரிய வியாழன், அண்ணனின் கணக்கில் முப்பத்தெட்டாம் நாள். அன்று மாலை கோயிலில் சுவாமி பாதம் கழுவிவிடும் பன்னிரண்டு பேரில் பல வருடங்களாக அவரும் ஒருவர். வெள்ளைச் சாரம் மடித்து எடுத்து வைத்திருந்தார். நான் கொப்பியைக் கொண்டுபோய் அந்தப் பக்கத்தைக் காட்டினேன்.

"ஆண்டவர் ஏன் இன்னும் ரெண்டு வருசம் பொறுக்கேல்லை?" என்று கேட்டேன். "நாப்பது ஆகட்டும், பிறகு வாறன் எண்டு போயிருக்கலாமே?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் கையெழுத்தையே திரும்பத் திரும்ப வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "நிஸாரைக் கூப்பிடு" என்றார்.

அன்று மாலை அவருடைய இடத்தில் ஐஸ் லொறி ஓட்டுபவரை இருத்திப் பன்னிரண்டை நிரப்பினார்களாம். ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். நஞ்சு அதற்கு மேலும் போயிருந்தது. அங்கே இருந்தவர்கள் தங்களால் முடிந்ததைச் செய்தார்கள். அவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

உயிர்ப்பு ஞாயிறு கழிந்து ஒருநாள், அண்ணன் தெளிவாக இருந்தபோது என்னை அழைத்தார். "தங்கச்சி, முப்பத்தெட்டைத் திருத்து. நிறைவடையாத எண் எண்டு எழுதினது பிழை."

"என்னெண்டு எழுத?"

"ஆண்டவர் காத்திருக்காத எண் எண்டு எழுது." பிறகு, "நீ இதை முந்தியே பாத்திருக்கலாம்" என்றார்.

அவர் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அது உண்மை. அந்தக் கொப்பி ஆண்டுக்கணக்காக அலுமாரிக்கு மேல் கிடந்தது. வருடா வருடம் அந்த வாசகத்தைக் கோயிலில் கேட்டவள் நான். கிளினிக்குக்குப் போன கிழமையே கண்டிருந்தால் இரண்டு விரலோடு போயிருக்கும். அவர்மேல் எனக்கு உள்ள கோபத்தில் பாதி என்னைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது.

உயிர்ப்பு ஞாயிறிலிருந்து எண்ணினால் எட்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, அண்ணன் எங்களை விட்டுப் போனார். எட்டு புதிய வாழ்வின் எண் அல்லவா என்று பலர் எனக்கு ஆறுதல் சொன்னீர்கள். அன்போடு சொன்னீர்கள், தெரியும். என்னால் அதை வாங்கிக்கொள்ள முடியவில்லை.

எங்கள் வழக்கப்படி இந்த நினைவு முப்பத்தோராம் நாளில் நடந்திருக்க வேண்டும். அண்ணனின் கொப்பியில் முப்பத்தொன்றுக்கு எதிரே, யோசுவா வென்ற அரசர்கள், பொருள் தெரியவில்லை, பிறகு பார்க்க என்று இருக்கிறது. அவர் நாற்பதைத்தான் விரும்பியிருப்பார் என்று மச்சாள் சொன்னார். நான் முதலில் சம்மதிக்கவில்லை. இன்னொரு நாற்பதுக்கு இந்த வீட்டில் நான் இருக்கமாட்டேன் என்று சத்தம் போட்டேன். பிறகு, துவாயை மடித்துவிட்டு, நாற்பது இறந்தவருக்கு என்று நிஸார் நானா சொன்னது நினைவுக்கு வந்தது. இப்போது அது அண்ணனுக்கு உரிய எண்தான். கொடுத்துவிட்டேன்.

அத்தனை நாளும் கோயிலுக்கு ஏற்றி இறக்கிய, ஒருமுறையும் பிந்தாத நிஸார் நானாவுக்கும், கஞ்சி கொடுத்தனுப்பிய அவர் மனைவி ராத்தாவுக்கும் நன்றி. பங்குச் சுவாமிக்கும், ஆஸ்பத்திரியில் அண்ணனைத் தூக்கிப் பிரட்டிய தாதிமாருக்கும், வள்ளத்தைக் கரையேற்றி வலைகளைக் காயவைத்துத் தந்த தொழிலாளிகளுக்கும், பெட்டி சுமந்தவர்களுக்கும், மன்னாரிலிருந்து பஸ் மாறி மாறி வந்தவர்களுக்கும் நன்றி. மச்சாளுக்கு நான் இங்கே நன்றி சொல்லப்போவதில்லை. வரும் கிழமை நான் எங்கும் போகவில்லை என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

இன்று நாற்பதாம் நாள். அவர் போன ஞாயிறோடு சேர்த்து ஆறு ஞாயிறு வந்தன. அவற்றையும் சேர்த்தே எண்ணினேன்.

தங்கை